நகல் சார் எழுதிய கணினித் தேர்வு

தாள் ஒன்று கைக்கு வந்ததும் அதைப் படிக்கிறவர்கள் ஒரு வகை. படிப்பதற்கு முன்னால் நகலெடுக்க ஓடுகிறவர்கள் இன்னொரு வகை. மனிதர்களைப் பிரிக்க வேறு எத்தனையோ வழி சொல்வார்கள், அதையெல்லாம் நம்பாதீர்கள். நாம் இப்போது பார்க்கப்போவது இரண்டாவது வகையை. இந்த இனத்துக்கு நகலர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

நகலரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வரிசையில் உங்களுக்கு நேர் முன்னால் நிற்பவர் அவர்தான். கக்கத்தில் ஒரு கோப்பு, கோப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் இன்னோர் உறை, அதற்குள் அவர் பிறந்தார் என்பதற்கும், படித்தார் என்பதற்கும், கல்யாணம் செய்துகொண்டார் என்பதற்கும், இன்னும் உயிரோடுதான் இருக்கிறார் என்பதற்கும் தலா ஐந்து அத்தாட்சிகள். கவுண்டரில் ஒன்று கேட்டால் மூன்று கொடுப்பார். ஒன்றுமே கேட்காவிட்டால் முகம் வாடிவிடும். "ஒரு காப்பி வெச்சுக்கோங்களேன், எதுக்கும் இருக்கட்டும்" என்று கெஞ்சுவார். அந்த 'எதுக்கும்' என்பது எதற்கு? அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் கவுண்டரை மூடும் நேரம் வந்துவிடும்.

நம்முடைய நகலர் ஒரு குடிநீர் அலுவலகத்தின் பதிவறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். அங்கே எல்லோருக்கும் அவர் நகல் சார்தான். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. கடிதம் வந்தால் ஒரு நகல், பதில் போனால் ஒரு நகல், நகல் எடுத்ததற்கு ஒரு குறிப்பு, அந்தக் குறிப்புக்கும் ஒரு நகல். மேலதிகாரி ஒருமுறை பொறுமையிழந்து, "யோவ், விட்டா என்னையே ரெண்டு காப்பி எடுத்து வெச்சிருவே போலிருக்கே!" என்று கத்தினார். நகல் சார் எழுந்து நின்று, "அதுக்கு ஒரு உத்தரவு எழுத்துல குடுத்துடுங்க சார்" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்குக் கேலி வராது.

அவர் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பூப்போட்ட துணி போர்த்தி, அதன்மேல் இன்னொரு பிளாஸ்டிக் உறை போட்டு, கூடத்தின் மூலையில் பத்திரமாக வைத்திருக்கிறார். அவரைப் பொறுத்தவரை கம்ப்யூட்டர் என்பது பிரிண்டருக்குப் போகிற வழி. வழியில் யாராவது உட்கார்ந்துகொள்வார்களா? ஆகவே மகளோ மனைவியோ அதன் முன்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால், "என்ன, பிரிண்ட் வரலையா?" என்று அடுத்த அறையிலிருந்து குரல் வந்துவிடும்.

பிரிண்டருக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தாள்கட்டு. கோணலாக வந்தவை, மை மங்கியவை, ஓரம் வெட்டுப்பட்டவை எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஒரு பக்கம் அச்சானாலும் மறு பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது? வீட்டில் யார் என்ன பட்டியல் எழுதினாலும் அந்தக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, வெள்ளைப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். இது அந்த வீட்டுச் சட்டம்.

சிரிக்கிறோம், சரி. ஆனால் யாரும் நகலராகவே பிறந்துவிடுவதில்லை. பதினேழு வயதில் இவர் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். தபாலை நம்பாமல் தானே பஸ் ஏறிப் போய் அலுவலக மேஜையில் வைத்துவிட்டு வந்தார். தேர்வுக்கு அழைப்பு வரவில்லை. போய்க் கேட்டபோது, "உன் விண்ணப்பமே வரலையே தம்பி" என்றார் மேஜைக்காரர்.

"நானே நேர்ல வந்து குடுத்தேன் சார்."

"குடுத்ததுக்குக் கையில என்ன இருக்கு?"

கையில் ஒன்றும் இல்லை. அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடம் அவருடைய அப்பா படுத்த படுக்கையானார், படிப்பும் போயிற்று. மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட நினைத்த பையன் பதிவறைக்கு வந்து சேர்ந்தான். அந்தக் கேள்வி மட்டும் அவரை விட்டுப் போகவே இல்லை. இருபத்திரண்டு வருடமாக அவர் எடுத்த நகல்கள் எல்லாம் அந்த மேஜைக்காரருக்குச் சொல்லும் பதில்கள்தான். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்ததும், யாரும் சொல்லிக்கொடுக்காமல், "நான் கால்நடை மருத்துவம் படிக்கப்போறேம்பா" என்றாள். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்தக் கல்லூரிக்கு வருடத்துக்கு ஒரே ஒரு நுழைவுத் தேர்வு. விட்டால் ஒரு வருடம் விட்டதுதான். இந்த முறை அந்தத் தேர்வு தாளில் கிடையாது, கம்ப்யூட்டரில்தான் என்று அறிவிப்பு வந்தது. மகள் துள்ளிக் குதித்தாள். பென்சிலால் வட்டம் வட்டமாகக் கறுப்படிக்கும் வேலை மிச்சம். நகல் சாருக்கோ அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக உதவி எண்ணுக்குப் போன் போட்டார்.

"வினாத்தாள் எப்பம்மா குடுப்பீங்க?"

"வினாத்தாள் கிடையாது சார். கேள்வி ஸ்கிரீன்லயே வரும்."

"விடைத்தாள்?"

"அதுவும் ஸ்கிரீன்தான் சார். மவுஸால கிளிக் பண்ணினா போதும்."

"கிளிக் பண்ணினதுக்கு என்ன அத்தாட்சி?"

அந்தப் பெண் சற்று யோசித்தாள். "பதில் குடுத்த கேள்வியோட நம்பர் பச்சையாயிடும் சார்."

"பச்சையானதுக்கு?"

போன் வைக்கப்பட்டுவிட்டது. நகல் சார் பேசிய தேதி, நேரம், பேசிய விவரம், எதிர்முனையில் போனை வைத்த விதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரண்டு நகல் எடுத்துக் கோப்பில் போட்டார். பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது.

அடுத்தது பயிற்சி. மாதிரித் தேர்வு ஒன்றை இணையத்தில் வைத்திருந்தார்கள். நிஜத் தேர்வு எப்படி இருக்குமோ அச்சு அசலாக அப்படியே இருக்கும், மூன்று மணி நேரக் கடிகாரம் உட்பட. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் கேள்வியைத் திறந்ததுமே நகல் சார் அவளை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக அச்செடுக்க ஆரம்பித்தார். நூற்று எண்பது கேள்வி. கேள்விக்கு ஒரு தாள். மூலையில் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுப் பன்னிரண்டாவது கேள்வியில் பிரிண்டரில் தாள் சிக்கிக்கொண்டது. அவர் அதைக் கிழியாமல் உருவி எடுத்து, நீவிவிட்டு, வெளிச்சத்தில் பார்த்துத் திருப்தியடைந்து திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்து தேர்வு தானாக மூடிக்கொண்டது. 'நீங்கள் பெற்ற மதிப்பெண்: 0' என்று திரையில் வந்தது.

அதையும் ஒரு பிரிண்ட் எடுத்தார்.

ஆக, அந்த வீட்டில் கணினித் தேர்வை முதலில் எழுதி முட்டை வாங்கியவர் நகல் சார்தான். அவர் அதை அப்படிப் பார்க்கவில்லை. அவரிடம் நூற்றுப் பன்னிரண்டு கேள்வி கையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் தாள்களை ஒரு பலகையில் செருகி நிமிர்த்தி வைத்து, மகளை எதிரே உட்காரவைத்தார்.

"இங்க பாரு, நான்தான் கம்ப்யூட்டர். இந்தா, இது மவுஸ்." நீட்டியது ஒரு காலி சோப்பு டப்பா.

"அப்பா, நம்ம வீட்டுலயே நிஜ கம்ப்யூட்டர் இருக்குப்பா."

"அது பாட்டுக்கு அது இருக்கட்டும். ரொம்பப் பார்த்தா கண்ணு கெட்டுப்போயிடும். ம், கேள்வி ஒண்ணு."

மகள் சோப்பு டப்பாவை நகர்த்தினாள். "மூணாவது பதில். அடுத்தது." நகல் சார் விரலை நாக்கில் தொட்டுத் தாளைத் திருப்பினார். "ரெண்டாவது பதில். அடுத்தது." திருப்பினார். "இப்ப ஏழாவது கேள்விக்குத் திரும்பிப் போகணும்." போனார். "அங்கேருந்து நாப்பத்தஞ்சு." போனார். "மறுபடியும் ஏழு."

"இரு, இரு. எதுக்கு இப்படி அலையுற? வரிசையாப் போக மாட்டியா?"

"கம்ப்யூட்டர் இப்படியெல்லாம் கேள்வி கேக்காதுப்பா."

இருபதாவது கேள்வி வரைக்கும் போயிற்று. மகள் "அடுத்தது" என்றாள். தாள் திரும்பவில்லை. "அடுத்தது!" என்றாள் மறுபடியும். நகல் சாரின் தலை மெல்ல மார்பில் சாய்ந்துகொண்டிருந்தது.

"அம்மா, கம்ப்யூட்டர் ஹேங் ஆயிடுச்சு!"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு டீ ஊத்தினா ஓடும். இரு, வர்றேன்."

அன்று மாலையே தாயும் மகளும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டு தெரு தள்ளி நகல் சாரின் சொந்த அக்காள் இருக்கிறாள். அவளிடம் உறை போர்த்தாத கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அந்த அத்தைக்கு அன்று முதல் முழங்கால் வலி. சாயங்காலம் ஆனால் துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்காமல் பேசுகிற மனுஷிக்கு முழங்கால் வலியா என்று நகல் சார் சந்தேகப்பட்டிருக்கலாம். அவர் சொன்னது இவ்வளவுதான்: "டாக்டர் சீட்டு இருந்தா ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கச் சொல்லு." மகள் ஒன்றரை மாதம் நாள் தவறாமல் அத்தை வீட்டுக்குப் போனாள். நம்பரெல்லாம் பச்சை பச்சையாக மாறிக்கொண்டே வந்தது.

பிறகு ஹால் டிக்கெட் வந்தது.

அதை அச்செடுத்த அன்று வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. முதல் தாள் வெளியே வந்ததும் நகல் சார் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். மகளின் படம் சரி, பெயர் சரி, எண் சரி. வலது ஓரக் கோடு மட்டும் ஒரு நகக்கீற்று அளவு கோணல். "செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லி, தாள்கட்டில் போட்டார். பிரிண்டரைத் துடைத்து, தாளைத் தட்டி நேராக்கி மறுபடி எடுத்தார். இப்போது கோடு நேராக வந்தது. அதேபோல் இன்னும் ஆறு. ஏழையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், வியர்வை படக் கூடாது, மழை படக் கூடாது, தண்ணீர் பாட்டில் கசிந்தாலும் ஒன்றும் ஆகக் கூடாது என்று சொல்லி ஏழையும் லேமினேட் செய்து வாங்கிக்கொண்டு வந்தார்.

தேர்வு விதிமுறைகள் நான்கு பக்கம் வந்தன. ஐந்தாவதாக ஒரு தாள் வெளியே வந்தது; அதன் தலையில் ஒரே ஒரு வரி. "ஒரு வரிக்கு ஒரு முழுத் தாளா! கொஞ்சமாவது பொறுப்பு இருக்கா இவங்களுக்கு?" என்று கோபப்பட்டு, அந்தத் தாளையும் தாள்கட்டில் போட்டார். மற்ற நான்கு பக்கத்தையும் மும்மூன்று தடவை படித்து, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்தார். அந்த ஒரு வரியைப் படித்தாரா? இந்த இனத்தைப் பற்றி முதல் பத்தியில் சொன்னதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

தேர்வு நாள் காலையில் தாள்கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, வெள்ளைப் பக்கத்தில் பட்டியல் போட்டார். ஹால் டிக்கெட் (7). அடையாள அட்டை, அசல் ஒன்று, நகல் ஐந்து. பேனா (தேவையில்லை என்று போட்டிருக்கிறது, எதற்கும் இருக்கட்டும்). கைக்குட்டை. தண்ணீர். கண்ணாடி துடைக்கும் துணி. பயப்படாமல் இருப்பது. ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து டிக் அடித்தார். கடைசியைத் தொட்டுப் பார்க்க வழியில்லாததால் அதற்கு மட்டும் டிக் இல்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தேர்வு மையம் ஒரு பொறியியல் கல்லூரி. வாசலில் நீள மேஜை போட்டு, மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் ஹால் டிக்கெட்டிலும் தன் எதிரிலேயே கையெழுத்து வாங்கி, கட்டைவிரல் ரேகை வாங்கி, மேலே முத்திரை குத்தி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எட்டரைக்குக் கேட் மூடிவிடுவார்கள். எட்டேகாலுக்கு மகளின் முறை வந்தது.

நகல் சார் கண்ணாடிபோல் பளபளக்கும் ஹால் டிக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டினார். அம்மாள் வாங்கிப் பார்த்தார். பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பேனா வழுக்கிக்கொண்டு போயிற்று. மகளின் கட்டைவிரலை நீல மையில் தொட்டு அழுத்தினார். ரேகை விழவில்லை, ஒரு நீலத் தீற்றல்தான் விழுந்தது. முத்திரையைக் குத்தினார். அது வழிந்து மேஜைத் துணிக்கு வந்துவிட்டது.

"லேமினேட் பண்ணிட்டீங்களா?" என்றார் அம்மாள். "இதுல எதுவுமே பதியாதே. கையெழுத்தும் ரேகையும் இல்லாம உள்ள விட முடியாதும்மா. வேற காப்பி ஏதாவது இருக்கா?"

அந்த ஒரு கணம் நகல் சாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனை வருடக் காத்திருப்பு! எத்தனை வரிசைகள், எத்தனை கவுண்டர்கள், எத்தனை ஏளனச் சிரிப்புகள்! கடைசியில் ஒரு மனுஷி, அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷி, அவரைப் பார்த்து, வேறு காப்பி இருக்கிறதா என்று கேட்டுவிட்டார்.

"இருக்காவா? ஆறு இருக்கு மேடம்!"

கோப்பைத் திறந்தார். உறையைத் திறந்தார். உள் உறையைத் திறந்தார். இரண்டாவதை எடுத்தார்; பளபளத்தது. மூன்றாவதை எடுத்தார். அதுவும் பளபளத்தது. நாலு, ஐந்து, ஆறு, ஏழு. மேஜை முழுக்கக் காலை வெயில் பட்டுக் கண் கூசியது.

"பிரிச்சுப் பாருங்க சார்" என்றார் பின்னால் நின்ற ஒரு தகப்பனார். நகல் சார் ஒரு மூலையை நகத்தால் நெம்பி இழுத்தார். பிளாஸ்டிக்கோடு மகளின் பெயரும் பாதி முகமும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் ஜெராக்ஸ் கடை உண்டா என்று கேட்டார். உண்டு, பத்து மணிக்குத் திறப்பார்கள். அப்போது மணி எட்டு இருபது.

அன்றைக்கு ஒரு காப்பி இல்லாததால் அவருடைய படிப்பு போயிற்று. இன்றைக்கு ஏழு காப்பி இருந்தும் மகளின் படிப்பு போகப்போகிறது. அதுவும் அவர் கையாலேயே. மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எதை விட்டோம், எதை மறந்தோம் என்று தெரியாமல், தெரியாதபோதெல்லாம் செய்வதுபோல், பட்டியலை எடுத்து விரித்து முகத்துக்கு நேரே பிடித்தார். ஹால் டிக்கெட் (7), டிக்.

எதிரே நின்ற மகளுக்கு அந்தத் தாளின் மறுபக்கம் தெரிந்தது. அதில் அவளே தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, அதைத் திருப்புங்க."

"இரும்மா, பார்த்துக்கிட்டிருக்கேன்ல."

"அப்பா! திருப்புங்க!"

திருப்பினார். கோணல் என்று அவர் தள்ளிவைத்த முதல் பிரிண்ட். நான்காக மடித்த மடிப்போடு, வியர்வை ஈரத்தோடு, பெயர், படம், எண் எல்லாம் இருந்தன. மகள் அதை எட்டிப் பிடித்தாள். நகல் சார் விடவில்லை.

"இது செல்லாதும்மா. ஓரம் கோணல்."

"விடுங்கப்பா!"

அம்மாள் தாளை வாங்கி, அதிலிருந்த கோட்டுக் குறியீட்டின் மேல் ஸ்கேனர் கருவியைக் காட்டினார். கீச்சென்று ஒரு சத்தம். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு எதற்கோ தாளைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்கக் கையெழுத்து. புருவம் ஏறியது. ஹால் டிக்கெட்டின் பின்னால் ஏதாவது எழுதிக்கொண்டு வந்தால் காப்பி அடிப்பதாக அர்த்தம். எட்டு இருபத்தாறு. அம்மாள் ஒவ்வொரு வரியாகப் படித்தார். கைக்குட்டை. தண்ணீர். கண்ணாடி துடைக்கும் துணி. கடைசி வரிக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு, முதலில் மகளையும் பிறகு அவரையும் பார்த்தார்.

"இதுல பாடம் எதுவும் இல்ல" என்றார். "கையெழுத்துப் போடும்மா. விரலைக் குடு." ரேகை நறுக்கென்று விழுந்தது. முத்திரையும் விழுந்தது. "ஓடு!"

மகள் ஓடினாள். கேட் மூடியது. நகல் சார் வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்புறம் நிறைய நேரம் அவர் எதையும் தொட்டுப் பார்க்கவில்லை.

முன்பெல்லாம் தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தால், தகப்பன்மார் பிள்ளையைப் பார்க்க மாட்டார்கள். கையில் இருக்கிற வினாத்தாளைத்தான் பார்ப்பார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு, "இதுக்கு என்ன போட்டே? இதுக்கு?" என்று அங்கேயே ஒரு தேர்வு நடத்துவார்கள். பதினொன்றரைக்குக் கேட் திறந்தபோது, பிள்ளைகள் எல்லாம் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் தகப்பன்மார் தவித்துப்போனார்கள். வேறு வழியில்லாமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தன் மகனைப் பார்த்து, "மீசை எப்படா வந்துச்சு?" என்று கேட்டார்.

மகள் சிரித்துக்கொண்டே வந்தாள். "முடிச்சதுமே மார்க் வந்துடுச்சுப்பா. நூத்தி எண்பதுக்கு நூத்தி அம்பத்தி மூணு!"

போன வருடம் நூற்று நாற்பது எடுத்தவர்களுக்கே இடம் கிடைத்தது. அந்தப் பட்டியலின் நகல் கோப்பில் இருக்கிறது. பதினேழு வயதில் வராமல் போனது இப்போது வந்து நிற்கிறது. சந்தோஷத்தில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அதனால் பழக்கம் பேசிவிட்டது.

"எங்கே, காட்டு."

"எதைக் காட்டுறது? ஸ்கிரீன்ல வந்துச்சு, பார்த்தேன். அப்புறம் ஸ்கிரீனை அணைச்சுட்டாங்க."

"அப்ப, கையில என்ன இருக்கு?"

கேட்டுவிட்டார். கேட்ட மறுகணமே அவருக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தை, அதே மேஜைக்காரர் குரல். மகளுக்கும் அந்தக் கதை தெரியும். அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். மூன்று மணி நேரம் ஆகியும் அழியாத பிடிவாதத்தோடு நீல மை அப்படியே இருந்தது.

"இதுதான்பா இருக்கு."

நகல் சார் அந்த விரலைத் தன் கையில் பிடித்துக்கொண்டார். "போதும்மா" என்றார். "இது போதும்."

பஸ் நிறுத்தம் நோக்கிப் பத்தடி நடந்திருப்பார்கள்.

"இருந்தாலும்..." என்றார். "அந்த ஹால் டிக்கெட்டை எடு. பின்னாடி அந்த மார்க்கை எழுதி, கீழே ஒரு கையெழுத்துப் போட்டுடேன். எதுக்கும் இருக்கட்டும்."

மகள் அவரிடம் பேனாவை வாங்கி, பட்டியலுக்குக் கீழே எழுதினாள், கையெழுத்தும் போட்டாள். அப்படியே, பயப்படாமல் இருப்பது என்ற வரிக்கு எதிரே ஒரு டிக் அடித்தாள். பிறகு கொஞ்சம் யோசித்து, பக்கத்திலேயே இன்னொரு டிக் அடித்து, "இது உங்களுக்கு" என்றாள். அத்தையின் முழங்கால் சமாசாரத்தை அவள் பஸ்ஸில்தான் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, அத்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உறை போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் செய்தியைக் கேட்டு மனைவி கை தட்டினாள். தேர்வு மைய வாசலில் நடந்ததைக் கேட்டு, "லேமினேட் பண்ணக் கூடாதுன்னு எங்கேயாவது போட்டிருப்பாங்களேங்க?" என்றாள். "போடவே இல்ல. நாலு பக்கத்தையும் மூணு தடவை படிச்சேன்" என்றார் அவர். அவள் ஏதோ ஞாபகம் வந்தவளாகப் போய், ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வாரமாகக் காந்தம் வைத்து ஒட்டியிருந்த கடைப் பட்டியலை எடுத்துத் திருப்பி நீட்டினாள். பால், சோப்பு, தீப்பெட்டி என்பதற்குப் பின்பக்கம், தாளின் தலையில் ஒரே ஒரு வரி இருந்தது: 'லேமினேட் செய்த ஹால் டிக்கெட் ஏற்றுக்கொள்ளப்படாது.' மூன்று வாரமாக அது ஃபிரிட்ஜுக்குத்தான் புத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நகல் சார் அந்த வரியை வாங்கி, நின்ற இடத்திலேயே நிதானமாக, முழுக்கப் படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, நகலெடுப்பதற்கு முன்னால் படித்தார்.

படித்துவிட்டு நகலெடுத்தார்.

இவ்வளவு நேரமும் நீங்கள் ரசித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அல்லது அண்ணனை, அல்லது அலுவலகத்தில் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதரை. 'அப்படியே அச்சு அசலா அவரேதான்! இதை ஒரு காப்பி எடுத்து அவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும்' என்றுகூடத் தோன்றியிருக்கும். தோன்றியதா, இல்லையா? அவருக்கு ஒன்று, அவர் தொலைத்துவிட்டால் கொடுக்க ஒன்று, எதற்கும் நம் கையில் இருக்கட்டும் என்று ஒன்று?

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.